கள்ளிக் குஞ்சுகளின் முதல் குளிர்காலம்



மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பியாயிற்று. இனி ரொறன்ரோவில் மாலை ஐந்து மணிக்கே இருட்டு. டிசம்பர் நடுப்பகுதியில் 4.40க்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். வருடத்தின் மிகக் குறுகிய பகல் இங்கே ஒன்பது மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. கறிவேப்பிலைக் கன்றுகள் எப்போதோ உள்ளே வந்து, தெற்குப் பார்த்த யன்னல்களைப் பிடித்துக்கொண்டன. ஏப்ரல் வரை அவை இலையிலையாக உதிர்த்து வீட்டுக்காரரின் பொறுமையைச் சோதிக்கும். நாமும் விடமாட்டோம். ஒரே கன்றை வருடக்கணக்காகப் பனியிலிருந்து காப்பாற்றி வரும் அம்மம்மாக்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர். அவர்களுக்கு யாராவது தோட்டக்கலையில் ஒரு பட்டம் கொடுக்கவேண்டும்.

இந்தக் காலத்தில் நமக்கு வரும் கடிதங்களில் தவறாமல் ஒரு கேள்வி இருக்கும். “இருக்கிறதைக் காப்பாற்றுவது சரி, இந்த ஆறு மாதத்தில் வீட்டுக்குள் புதிதாக எதையாவது முளைக்க வைக்கலாமா?” வெந்தயம், கொத்தமல்லி என்று பதில் எழுதி எனக்கும் அலுத்துவிட்டது. இந்த முறை வேறொன்று சொல்கிறேன். கள்ளி போடுங்கள். கடையில் வாங்கி வந்து யன்னலில் வைக்கும் கள்ளி அல்ல. விதை போட்டு முளைக்க வைக்கும் கள்ளி.

“வெளியில் ஸ்நோ, உள்ளே இருட்டு, இதில் பாலைவனத்துச் செடியா?” என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு பிழையான எண்ணம் ஒளிந்திருக்கிறது. வளர்ந்த கள்ளியின் வாழ்க்கையை வைத்துக்கொண்டு குஞ்சுக் கள்ளியையும் எடைபோடுகிறோம். இரண்டுக்கும் தேவைப்படுபவை வேறு.

அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிக்கோவின் சொனோராவிலும் நிற்கும் சவாரோக் கள்ளியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கைகளை மேலே தூக்கிக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் தனியாக நிற்கும். அதன் பிள்ளைப் பருவத்தை யாரும் படம் எடுப்பதில்லை, எடுத்தாலும் தெரியாது. ஒரு சவாரோ தன் ஆயுளில் நாலு கோடி விதை வரை உதிர்க்கிறது. அவற்றில் மரமாகி நிற்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அப்படித் தப்புகிற குஞ்சுகள் பெரும்பாலும் பாலோவெர்டே போன்ற ஒரு மரத்தின் அடியில், அதன் நிழலில்தான் வளர்கின்றன. பகலில் வெயிலையும் இரவில் உறைபனியையும் அந்த மரம் தாங்கிக்கொள்கிறது. முளைப்பது கோடை மழை பெய்து நிலம் ஈரமாக இருக்கும்போது. முதல் எட்டு வருடத்தில் அது வளரும் உயரம் இரண்டரை முதல் நாலு செ.மீ. மட்டுமே என்று அங்குள்ள தேசியப் பூங்காவினர் கணக்கிட்டிருக்கிறார்கள். முதல் பூவுக்கு ஏறக்குறைய 35 வயதாகவேண்டும். கை முளைக்க ஐம்பது வயதுக்கு மேல்.

ஆக, குஞ்சுக் கள்ளிக்கு வேண்டியது மென்மையான வெளிச்சம், ஈரம், இதமான சூடு, மேலே ஒரு மறைப்பு. எரிக்கும் வெயிலும் காய்ந்த மண்ணும் பிறகுதான். ஹீற்றர் ஓடும் ஒரு கனடிய வீட்டில், பதினைந்து இருபது டொலர் விளக்கொன்றின் கீழ் இவை எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம். இன்னும் சொன்னால் ஜூலை மாதத்தைவிட இப்போது கொடுப்பது சுலபம். கோடையில் மேகம், வெயில், மறந்துபோய் வெளியில் விட்டுவந்த தட்டு என்று ஆயிரம் காரணம் வந்து குழப்பும். குளிர்காலத்தில் சூரியன் எப்படியும் கணக்கில் இல்லை. எல்லாம் உங்கள் கையில்.

பெரிய கள்ளி வைத்திருப்பவர்கள் ஒரு விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: ஒக்ரோபரிலிருந்து மார்ச் வரை தண்ணீரை நிறுத்தி, ஐந்து முதல் பத்துப் பாகை செல்சியஸ் குளிரில் உறங்க விடவேண்டும், அப்போதுதான் வசந்தத்தில் பூக்கும். நல்ல விதிதான். ஆனால் முதல் வருடக் குஞ்சுக்கு அதைப் பொருத்தினால் அது உறங்காது, செத்துப்போகும். தண்ணீரைச் சேமித்து வைக்க அதன் உடம்பில் இடமே இல்லை. முதல் குளிர்காலம் முழுவதும் அது விழித்திருந்து வளரவேண்டும். உறக்கம் இரண்டாவது குளிர்காலத்துக்கு. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

இதைச் சொன்னதும் சிலர் நல்ல சூடாக வைத்து யன்னலோரம் விடுவார்கள். அங்கேதான் வில்லங்கம். சூடு இருந்து வெளிச்சம் இல்லாவிட்டால் கள்ளி நீளும். வெளிச்சம் எங்கே என்று தேடி, வெளிறி, மெலிந்து, ஒரு பக்கம் சாய்ந்து கழுத்தை நீட்டும். கறிவேப்பிலை மெலிந்து வளர்ந்தால் வெட்டிவிட்டுத் திரும்பத் தளிர்க்க வைக்கலாம். கள்ளியில் அந்த மெலிவு ஆயுளுக்கும் நிற்கும். பிறகு எவ்வளவு வெயில் கொடுத்தாலும், மேலே தடித்து, அடியில் ஒடுங்கிய கழுத்தோடுதான் நிற்கும்.

யன்னல் வெளிச்சத்தைக் கண் அளவில் நம்பவேண்டாம். நமது கண் மிகச் சுலபமாக ஏமாறும். இருட்டுக்குப் பழகிக்கொண்டு “நல்ல வெளிச்சம்தானே” என்று சொல்லும். கோடை நடுப்பகல் வெளியில் 100,000 லக்ஸ் அளவில் வெளிச்சம் இருக்கும். இரவில் நாம் இருந்து கதைக்கும் ஹோலில் சில நூறு லக்ஸ் இருந்தாலே பெரிது. மப்பும் மந்தாரமுமான ஜனவரி நாளில் யன்னலை விட்டு இரண்டடி உள்ளே வந்தால் கள்ளிக்கு அது இரவு மாதிரித்தான். இன்னொரு சங்கதி, யன்னலுக்கும் திரைச்சீலைக்கும் நடுவே உள்ள இடம். இரவில் சீலையை இழுத்து மூடியதும் வீட்டுச் சூடு இந்தப் பக்கம் நின்றுவிடும். கண்ணாடிப் பக்கம் கன்று விறைக்கும். கறிவேப்பிலைக்கும் இது பொருந்தும்.

ஆகவே விளக்கு. ஹார்ட்வேர் கடையில் கராஜுக்கு மாட்டும் எல்ஈடி குழாய் விளக்குப் போதும். பெட்டியில் 6500 கெல்வின் என்றோ ‘டேலைட்’ என்றோ போட்டிருக்கும் வெள்ளை வெளிச்சத்தைப் பாருங்கள். ஊதா நிறத்தில் எரியும் ‘குரோ லைற்’ கட்டாயம் இல்லை. அதன் கீழே கன்றின் உண்மையான நிறம் தெரியாது. நிறம் தெரியாவிட்டால் அதற்கு என்ன குறை என்பதும் தெரியாது. விதைப் பெட்டிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கவிடுங்கள். பிறகு கன்றே சொல்லும். உயர்ந்து வெளிறினால் விளக்கைக் கிட்டக் கொண்டுவாருங்கள். சிவந்தோ செம்மண் நிறத்துக்கோ மாறினால் வெளிச்சம் கூடிவிட்டது, கொஞ்சம் உயர்த்துங்கள். அந்தச் சிவப்பு, பீற்றூட்டில் இருக்கும் அதே வகை நிறமிதான்; அதிக வெளிச்சத்திலிருந்து தன்னைக் காக்கக் கள்ளி போட்டுக்கொள்ளும் போர்வை.

ஒரு நாளைக்குப் பதினாலு மணித்தியாலம் எரியட்டும். இரவு முழுவதும் எரியவிட்டால் இன்னும் வேகமாக வளருமே என்று ஆசைப்படாதீர்கள். மற்றச் செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். பகலில் திறந்தால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும் என்பதால் கள்ளி இரவில்தான் திறக்கும். இரவில் வாங்கிய வாயுவை அமிலமாக மாற்றி உடம்பில் வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் கதவைச் சாத்தியபடி அதை உணவாக்கும். இருட்டே இல்லாவிட்டால் அந்த ஒழுங்கு குலையும். மிக இளம் நாற்றுகள் பகலிலும் கொஞ்சம் வாயு எடுக்கும்; வளர வளர இரவு வேலைக்கு மாறிக்கொள்ளும். ஒரு ரைமர் வாங்கி மாட்டிவிட்டால் நீங்கள் நினைவு வைத்திருக்கத் தேவையில்லை. மின்சாரச் செலவுக்குப் பயப்படுபவர்களுக்கு: 20 வாட் விளக்கு பதினாலு மணித்தியாலம் எரிந்தால் நாளுக்கு கால் யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும். மாதத்துக்கு எட்டரை யூனிட் அளவில் முடியும்.

இனி விதைப்பு. கொத்துரொட்டி வாங்கும்போது தரும், மூடி போட்ட பிளாஸ்ரிக் பெட்டி இருக்கிறதல்லவா, அதை எறியாதீர்கள். சவர்க்காரம் போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவி, அடியில் ஐந்தாறு துளை போடுங்கள். மண்ணுக்கு, சாதாரணச் சாடி மண்ணை அரிதட்டில் அரித்து, கட்டியும் மரத்துண்டும் நீக்கி, அதே அளவோ அதைவிடக் கூடவோ பெர்லைட்டும் குறுணிக் கல்லும் கலவுங்கள். கோழித் தீவனக் கடையில் விற்கும் கருங்கல் குறுணி மலிவு. இங்கே கள்ளி வளர்ப்பவர்கள் பலரும் அதைத்தான் வாங்குகிறார்கள். கலவையை நனைத்து, மைக்ரோவேவில் ஆவி பறக்கும்வரை சூடாக்கி, மூடியபடி ஆறவிடுங்கள். மண்ணில் இருக்கும் பூஞ்சையும் பூச்சி முட்டையும் அதோடு போகும். கொஞ்சம் நாற்றம் வரும். வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்வது குடும்ப சமாதானத்துக்கு நல்லது.

விதையைப் புதைக்கக் கூடாது. பெரும்பாலான கள்ளி விதைகள் முளைக்க வெளிச்சம் படவேண்டும். நனைந்த மண்ணின் மேல் தூவி, மெல்ல அழுத்தி, பெட்டியை மூடி, முழுவதையும் ஒரு சிப்லொக் பைக்குள் போட்டு இறுக்கிவிடுங்கள். சூடு 21 முதல் 28 பாகைக்குள் இருக்கட்டும். பேஸ்மென்ட் குளிராக இருந்தால் ஃபேர்னஸ் அறைப் பக்கமோ விளக்கின் தலைமாட்டிலோ இடம் பாருங்கள். இனிச் செய்யவேண்டியது எதுவும் இல்லை. பையைத் திறக்காமல் இருப்பதுதான் வேலை.

அஸ்ட்ரோபைட்டம் விதை ஒன்றை முதலில் கையில் எடுத்துப் பாருங்கள். மெக்சிக்கோக் கள்ளி இது. பளபளப்பான மண்ணிறம், ஒரு பக்கம் குழிந்து, சின்னத் தொப்பி ஒன்றைக் கவிழ்த்து வைத்த வடிவம். நல்ல சூட்டில் மூன்றாம் நாளே வெடிக்கும். பிளவுக்குள்ளிருந்து ஒரு பச்சை மணி வெளியே தள்ளும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வேரின் நுனியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருப்பது தெரியும். பூஞ்சை என்று பயந்து பிடுங்கிவிடாதீர்கள், அவை வேர் மயிர்கள். சில வேளை வேர் மண்ணுக்குள் இறங்கத் தெரியாமல் குஞ்சையே மேலே தூக்கிவிடும். பல்லுக் குத்தும் குச்சியால் ஒரு துளை போட்டு வேரை உள்ளே விட்டால் சரி. விதைக்கோது தலையில் ஒட்டிக்கொண்டு கழலாமல் இருந்தால் ஒரு துளி தண்ணீர் விட்டு ஊறவிடுங்கள், இழுக்காதீர்கள். இரண்டு தடித்த வித்திலைகள் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். சில வாரத்தில் அவற்றின் நடுவிலிருந்து முதல் முட்கள். முள் என்று சொன்னாலும் அவை மயிரைவிட மெல்லியவை. விரலில் பட்டாலும் தெரியாது.

எல்லாக் கள்ளியும் இவ்வளவு அவசரப்படாது. மமிலாரியா, ரெபூட்டியா வகைகள் ஒன்று இரண்டு வாரத்தில் முளைக்கும். நாகதாளி இனத்தின் விதைக்குக் கல்போன்ற கோது. மாதக்கணக்கில் சும்மா கிடக்கும், சிலவற்றைக் குளிரில் வைத்து எடுத்தால்தான் அசையும். புதிதாகத் தொடங்குபவர்கள் அதைத் தொடவேண்டாம்.

மூடிய பைக்குள் ஈரம் நிறைய இருப்பதால் பூஞ்சைக்கும் கொண்டாட்டம். நேற்றுப் பச்சையாக நின்ற குஞ்சு இன்று கண்ணாடிபோலத் தெளிந்து சரிந்து கிடந்தால் அது அழுகல்தான். இடுக்கியால் அதையும் பக்கத்து மண்ணையும் அகற்றிவிட்டு, பையைக் கொஞ்சம் திறந்து காற்றோட விடுங்கள். அதைவிடப் பொல்லாத எதிரி, ஈர மண்ணில் முட்டையிடும் சின்னக் கறுப்புக் கொசு ஈ. பறப்பது ஒன்றும் செய்யாது. மண்ணுக்குள் இருக்கும் அதன் புழு இளம் வேரையும் குஞ்சின் அடியையும் தின்றுவிடும். நமது வீடுகளில் அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? கூடத் தண்ணீர் ஊற்றிய கறிவேப்பிலைச் சாடியிலிருந்து. மாவுப்பூச்சியும் அங்கிருந்துதான் நடந்து வரும். எனவே இரண்டையும் ஒரே யன்னலில் குடியமர்த்தவேண்டாம். கறிவேப்பிலைக்குக் குளிர்காலத்தில் மண் மேல்பகுதி காய்ந்த பிறகே தண்ணீர்; பக்கத்தில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள். இரண்டு கன்றுக்கும் நன்மை.

பையை எப்போது திறப்பது? முளைத்து ஆறு எட்டு வாரத்துக்குப் பிறகு, முட்கள் தெளிவாகத் தெரியும்போது. ஒரே நாளில் திறந்துவிடக் கூடாது. ஹீற்றர் ஓடும் வீட்டுக் காற்று ஜனவரியில் எவ்வளவு காய்ந்தது என்பது உங்கள் உதட்டுக்குத் தெரியும். குஞ்சு அதுவரை இருந்தது நூற்றுக்கு நூறு ஈரத்தில். முதல் வாரம் பையின் வாயை ஒரு விரலளவு திறவுங்கள். அடுத்த வாரம் பாதி. பிறகு பையை எடுத்துவிட்டு மூடியை மட்டும் சரித்து வையுங்கள். மூன்று நாலு வாரம் எடுத்தாலும் பரவாயில்லை, அவசரம் யாருக்கு?

திறந்த பிறகு தண்ணீர்க் கதை தொடங்கும். மேலால் ஊற்றினால் குஞ்சுகள் மிதந்து போய்விடும். ஒரு தட்டில் தண்ணீர் விட்டு, பெட்டியை அதில் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். மண் அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். மேல் மண் வெளுக்கத் தொடங்கும்போது அடுத்த முறை. நமது குழாய்த் தண்ணீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருவது. அதில் சுண்ணாம்பு உண்டு. கெற்றிலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். அதுவே மண்ணின் மேலும் படிந்து மாதங்கள் போகப்போக வளர்ச்சியை மந்தமாக்கும். உப்புப் போட்டு மென்மையாக்கும் இயந்திரம் வைத்திருக்கும் வீடுகளில் அந்தத் தண்ணீர் இன்னும் மோசம், தொடவே வேண்டாம்.

வேறு தண்ணீருக்கு எங்கே போவது? வெளியில் பாருங்கள். பின்வளவில் புதிதாக விழுந்த ஸ்நோவை ஒரு வாளியில் அள்ளி வந்து குளியலறையில் உருக விடுங்கள். சுண்ணாம்பு இல்லாத தண்ணீர், சதம் செலவில்லை. ஒரு பெரிய வாளிப் பனி உருகினால் ஒரு லீற்றர் தேறும்; குஞ்சுகளுக்கு அது வாரக்கணக்கில் காணும். வீதியோரப் பனி வேண்டாம், அதில் உப்புக் கொட்டியிருப்பார்கள். உருகியதும் உடனே ஊற்றாமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். மெக்சிக்கோப் பாலைவனத்துச் செடியைக் கனடாப் பனி வளர்ப்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. இதை வைத்து, புலம்பெயர்ந்த நம்மையும் கள்ளியையும் ஒப்பிட்டு உருகி ஒரு பத்தி எழுதலாம். எழுதமாட்டேன். அந்த மாதிரிக் கட்டுரைகள் நமது இதழிலேயே போதுமான அளவு வந்துவிட்டன.

அதுவும் கள்ளி இந்த மண்ணுக்கு வந்தேறி என்று யார் சொன்னது? கனடாவின் பெருநிலப் பரப்பின் தென்கோடியான பொயின்ற் பீலியில், மணல்வெளியில், நாகதாளி இனம் ஒன்று தானாகவே வளர்கிறது. கோடையில் மஞ்சளாகப் பூக்கும். அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான் புல்வெளிகளிலும் காட்டுக் கள்ளிகள் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பீஸ் ஆற்றுப் பக்கம் வரை வடக்கே போயிருக்கும் ஒரு குட்டி நாகதாளியும் இருக்கிறது. குளிர் வருமுன் அவை உடம்பிலுள்ள தண்ணீரைக் குறைத்துக்கொண்டு, சுருங்கி, நிலத்தோடு படுத்துவிடும். பனி மூடியபடி கிடந்து, வசந்தத்தில் உறிஞ்சி நிமிரும். பொயின்ற் பீலிக்குப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், ஒரு மடலைக்கூட முறித்து வரவேண்டாம். கனடாவில் அது அழியும் ஆபத்திலுள்ள இனமாகச் சட்டப்படி காக்கப்படுகிறது. நமது ஊரிலும் ஒரு விசித்திரம் உண்டு. மன்னார்க் கரையோரத்தில் நாம் பழம் பறித்துத் தின்ற நாகதாளி அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்டது. ஆனால் இலங்கையின் ஈரக் காடுகளில் மரக்கிளைகளில் தொற்றி, முள்ளில்லாமல் நூல்நூலாகத் தொங்கும் ரிப்சாலிஸ் என்ற கள்ளி, மனிதர் நட்டதல்ல. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக வளரும் ஒரே கள்ளி இனம் அதுதான். ஆபிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் அதைக் காணலாம்.

விதையிலிருந்து வளர்க்கச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது விலை அல்ல. 2020இல் இத்தாலியில் ஒருவரின் வீட்டில், சிலியின் அட்டகாமா பாலைவனத்திலிருந்து கிண்டி எடுத்துக் கடத்தப்பட்ட கொப்பியபோவா போன்ற கள்ளிகள் 1,000-க்கும் மேல் பிடிபட்டன. நூறு வயதைத் தாண்டியவை என்று மதிக்கப்பட்டவையும் அவற்றில் இருந்தன. 800-க்கும் அதிகமானவற்றை அடுத்த வருடம் சிலிக்குத் திருப்பி அனுப்பினார்கள். இது ஒரு வீட்டுக் கதை மட்டும். உலகின் கள்ளி இனங்களில் 31 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாக 2015இல் வெளியான ஆய்வு சொன்னது. சட்டவிரோதமாகப் பிடுங்கி விற்பது அதற்கு ஒரு பெரிய காரணம். வயதான, தழும்பேறிய கள்ளி இணையத்தில் மலிவாகக் கண்ணில் பட்டால், அது எங்கே முளைத்தது என்று கேளுங்கள். உங்கள் கொத்துரொட்டிப் பெட்டியில் முளைத்ததைப் பற்றி யாரும் கேட்கத் தேவையில்லை.

எதை வாங்குவது? ‘கலப்பு’ என்று எழுதிய பைக்கற்றில் அவசரமானதும் மந்தமானதும் சேர்ந்திருக்கும். ஒன்று பையைத் திற என்னும், மற்றது மூடு என்னும். ஒரு பெட்டிக்கு ஒரு இனம் நல்லது. அஸ்ட்ரோபைட்டம் பிள்ளைகளுக்கு, உடனே பலன் தெரியும். பூ வேண்டுமானால் ரெபூட்டியா. இரண்டு மூன்று வருடத்திலேயே, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் இருக்கும்போதே பூத்துவிடும். வெளிச்சம் கொஞ்சம் குறைந்த வீடுகளுக்கு ஜிம்னோகலிசியம். சவாரோவும் முளைக்க வைக்கலாம், முளைப்பது கடினமில்லை. பூவைப் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போடுங்கள். வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்க விரும்புபவர்கள் டவுன்ரவுனில் அலன் கார்டன்ஸ் கண்ணாடித் தோட்டத்துக்குப் போகலாம். கள்ளிகளுக்கென்றே அங்கே ஓர் அறை உண்டு, நுழைவுக் கட்டணம் இல்லை. பெப்ரவரிக் குளிரில் கோட்டைக் கழற்றிவிட்டு நிற்கக் கிடைக்கும் இடம் வேறு.

வீட்டில் பெரியவர்கள் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வெளியே போகமுடியாமல், பகல் முழுவதும் ரீவி முன்னால் இருக்கிறார்களே, அந்தப் பெட்டியை அவர்கள் பொறுப்பில் விடுங்கள். பாரம் தூக்கத் தேவையில்லை, குனியத் தேவையில்லை, பனியில் இறங்கத் தேவையில்லை. காலையில் எழும்பி இன்று எத்தனை முளைத்தது என்று பூதக்கண்ணாடியோடு போய்ப் பார்ப்பது ஒரு வேலை. அதை ஃபோனில் இன்னொரு வீட்டுப் பெரியவருக்குச் சொல்வது அதைவிடப் பெரிய வேலை. தண்ணீர் விடுவதில் மட்டும் கை கொஞ்சம் தாராளமாக இருக்கும். அதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இப்போது போட்டால் மே மாதத்தில் அவை கடலை அளவில் நிற்கும். நெருக்கமாக நிற்கின்றன என்று பிரித்து நடாதீர்கள். குஞ்சுகள் கூட்டமாகவே நன்றாக வளரும். ஒன்றையொன்று தள்ளத் தொடங்கும்போது, அநேகமாக அடுத்த வசந்தத்தில், மாற்றினால் போதும். விக்ரோரியா தின விடுமுறை தாண்டி, இரவுக் குளிர் போன பிறகு வெளியில் வைக்கலாம், முதலில் நிழலில் மட்டும். விளக்கின் கீழ் வளர்ந்த உடம்பு ஜூன் வெயிலில் ஒரே மத்தியானத்தில் வெந்து தழும்பாகிவிடும்.

கடைசியாக, பெட்டியில் ஒரு சின்ன அட்டை செருகி இனத்தின் பெயரையும் விதைத்த திகதியையும் எழுதுங்கள். பென்சிலால். பேனை மை விளக்கு வெளிச்சத்திலும் ஈரத்திலும் சில மாதத்தில் மங்கிவிடும், பென்சில் வருடக்கணக்கில் நிற்கும். மார்ச் இதழில் இதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். படம் அனுப்புகிறவர்கள் அந்த அட்டையும் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள். எந்த இனம், எந்த யன்னல், எந்த விளக்கு, எத்தனை முளைத்து எத்தனை மிஞ்சியது என்று இரண்டு வரி எழுதினால் போதும். கறிவேப்பிலைப் படங்களையும் அனுப்பலாம், இலை மிஞ்சியிருந்தால்.

அன்புடன்,
ஆசிரியர்